‘நீங்கல்லாம் தாங்குவீங்க’

“எந்த ஊரு?” என்றார் மயக்க மருந்து டாக்டர். சொன்னேன். “ஊர்லயா, காலனியிலயா?” அதையும் சொன்னேன். “அப்ப நீங்கல்லாம் தாங்குவீங்க. லோக்கலே போதும்.” எழுதிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

பத்து நிமிஷ வேலைதான். எட்டு மாசம் பெரும்பாட்டோடு அலைந்த பிறகு, கர்ப்பப்பையின் உள்தோலைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பணும் என்றார்கள். நம்ம சனங்க ‘வயித்தக் கழுவுறது’ என்பார்களே, அந்த டி அண்ட் சி. ரத்தம், ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் பார்த்தாச்சு. ஆறு மணி நேரத்துக்கு முன்பிருந்தே சோறு கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு முன்பிருந்து தண்ணீரும் கூடாது என்று அச்சடித்த தாள் கொடுத்தார்கள். என்ன மயக்கம் என்பது மட்டும் தாளில் இல்லை. அதை என் தெரு முடிவு செய்தது.

நான் எழுந்து போகவில்லை. வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பழகியவள். படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். “என்னென்ன இருக்கு சார், ஒவ்வொண்ணா சொல்லுங்க” என்றேன். எரிச்சலோடு சொன்னார். கர்ப்பப்பை வாயைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைக்கலாம். முழிச்சிருப்போம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், ஆனால் வாயை விரிக்கும்போதும் சுரண்டும்போதும் பலருக்கு இழுத்துப் பிடிக்கும். முதுகுல ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். சில மணி நேரம் நடக்க முடியாது, சிலருக்குப் பிறகு தலைவலி. இல்லையென்றால் நரம்பில் மருந்து ஏற்றிக் கொஞ்ச நேரம் தூங்க வைப்பது. அதற்கு மூச்சைப் பார்த்துக்கொள்ள ஆள் பக்கத்திலேயே இருக்கணும். இளைப்பு உண்டா, ஆடுகிற பல் உண்டா, முன்னால் மயக்கம் கொடுத்தபோது என்ன ஆச்சு என்றெல்லாம் கேட்டிருக்கணும். என்னிடம் இதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஊரைத்தான் கேட்டார்.

லோக்கல் கெட்டதென்று சொல்ல வரவில்லை. தெரிந்தே அதைக் கேட்டு வாங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. ஊர்க்காரிக்கு ஒரு நரம்பு, சேரிக்காரிக்கு ஒரு நரம்பு என்று பிரிக்கிற மருத்துவ மனுதர்மத்தைத்தான் கேட்கிறேன்.

1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தபோது, அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவு பெண்களின் இடுப்பெலும்புக்குள்ளும் ஓடுகிறது. அலபாமாவில் மான்ட்காமரி என்ற ஊரில், 1845க்கும் 1849க்கும் இடையே, ஜே. மரியன் சிம்ஸ் என்ற வெள்ளை டாக்டர் தொழில் கற்றார். எதில்? பிரசவத்தில் கிழிந்து சிறுநீர் ஒழுகிய கறுப்பு அடிமைப் பெண்களின் உடம்பில். மயக்க மருந்து இல்லாமல்! அனார்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்தான் நமக்குத் தெரியும். அனார்காவை மட்டும் சுமார் 30 தடவை அறுத்தார். 1846இலேயே பாஸ்டனில் ஈதரைப் பலர் முன்னிலையில் கொடுத்துக் காட்டியாகிவிட்டது. 1853இல் விக்டோரியா ராணி குளோரோபாரம் முகர்ந்து பிள்ளை பெற்றார். ராணிக்கு வலிக்கும்! சிம்ஸோ, மயக்கம் கொடுக்கிற அளவுக்கு இந்த அறுவையில் வலியில்லை என்று பிற்பாடும் பேசினார். நியூயார்க்கில் இருந்த அவர் சிலையை 2018இல்தான் எடுத்தார்கள். அவர் பெயரிலான ஸ்பெகுலம் நம்மூர் ஆஸ்பத்திரித் தட்டுகளில் இன்னும் இருக்கிறது. என்னைச் சோதித்ததும் அதுதான்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், பள்ளிக்கூடத்து மேசைமேல் கிடத்தி, இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் 83 பேர். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முகாம்களை நிறுத்தச் சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 2016 ஆனது. முகாமுக்கு ஓட்டி வரப்பட்டவர்கள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

தோழர்களே, என் கோபத்தில் பாதி நம்மேல்தான். நடவு வயலிலேயே பெத்துப்போட்டுட்டு மறுபடி நாத்தைக் கையில எடுத்தவள் என் தாய் என்று எத்தனை கவிதை எழுதினோம்! நானும் எழுதினேன், கூட்டத்தில் கைத்தட்டு வாங்கினேன். அதில் வந்தவள் என் சின்னம்மா. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “வலிக்குதான்னு என்னை யாருடி கேட்டா? நீயுந்தான் கேக்கல” என்றாள். கரு கலைந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனவளை மரப்பு ஊசிகூடப் போடாமல் கழுவியிருக்கிறார்கள். கத்தினதுக்குத் தொடையில் அடி. “படுக்கும்போது இனிச்சுதா” என்று ஏச்சு. அவள் தாங்கவில்லை. அவளுக்கு வேறு வழி விடவில்லை. ரெண்டும் ஒண்ணா? வைரம் பாஞ்ச உடம்பு என்று நாம் பாடினதைத்தான் அந்த டாக்டர் சீட்டில் எழுதினார்.

நான் தூங்க வைக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே மாற்றி எழுதினார். வங்கியின் காப்பீடு கட்டணத்தைக் கட்டியது. எழுந்தபோது அடிவயிறு லேசாக வலித்தது, அவ்வளவுதான்.

சின்னம்மாவுக்கு மாசம் நின்று நாலு வருஷம் ஆகிறது. (தீட்டு என்ற சொல்லை நான் எழுத மாட்டேன்.) இப்போது திரும்பவும் ரத்தம் படுகிறது. அதே சோதனை செய்யணும், உடனே செய்யணும். காப்பீடு கிடையாது, அதே பெரியாஸ்பத்திரிதான். வருகிற திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கூடப் போகிறேன். எந்த மயக்கம், ஏன், வேற என்ன இருக்கு என்று அவளே கேட்கட்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த வார்டில் அவளோடு இன்னும் பத்துப் பெண்கள் வரிசையில் இருப்பார்கள். மாணவத் தோழிகள் யாராவது வந்தால், ஆளுக்கு இரண்டு பேரிடம் உட்கார்ந்து பேசலாம்.