கோப்பு வந்தது, எழுத்து வரவில்லை

“பழைய கணினியில் இருந்த எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றியாயிற்று” என்று இலக்கிய நண்பர்கள் நிம்மதியோடு சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்தில் சிற்றிதழ் நடத்தியவர்களும், சொந்தக் காசில் கவிதைத் தொகுதி போட்டவர்களும், உள்ளூர் வரலாறு எழுதியவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்பதே எங்கள் கட்சி. புதிய கணினிக்கு வந்து சேர்ந்தவை கோப்புகள் மட்டுமே; அவற்றுக்குள் இருந்த தமிழ் பல இடங்களில் வந்து சேரவில்லை. வரவில்லை என்பதைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை.

காரணம் எளியது. 1990களிலும் அதன் பின் பல ஆண்டுகளும் நம் அச்சுக்கோப்பு மையங்களில் தமிழ் என்று தட்டச்சு செய்யப்பட்டது, கணினியைப் பொறுத்தவரை தமிழே அன்று. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்தவை அன்றைய எழுத்துருக்கள். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி சேமித்துவைப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, பிறகு எச். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் வெறும் பிதற்றல். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் ஒட்டுவேலை செய்துகொண்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியீடுகளை முன்வைத்தது. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் டிஸ்கி என்ற ஒன்றை ஏற்கெனவே வளர்த்திருந்தார்கள். யூனிகோடில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தது. ஆனால் நம் அச்சுக்கோப்பாளர்களின் கைக்குப் பழகிய பேஜ்மேக்கர் யூனிகோடுத் தமிழை ஏற்காமலே, 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோயிற்று. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல். இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட கதையும் கட்டுரையும் எந்தக் குறியீட்டில் கிடக்கின்றன என்பது அதை அடித்தவருக்குத் தெரியும். அவரைத் தேடிப் போனால், அவருடைய கடை இன்று வேறு கடையாக இருக்கிறது.

தஞ்சாவூருக்கு இது புதிய கதையன்று. 1855இல் மராட்டிய அரசு முடிவுக்கு வந்தபோது அரண்மனையின் கணக்குகளும் கடிதங்களும் மோடி எழுத்தில் மூட்டை மூட்டையாக எஞ்சின. தாள் இருந்தது, மை இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள். 1981இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம், மோடி ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கி 1989இல் தொகுதிகளாக வெளியிட்டதால்தான், மோடி அறியாத ஆய்வாளரும் அவற்றை நேராக அணுக முடிந்தது. மோடி அருகிப்போகத் தலைமுறைகள் ஆயின. நம் எழுத்துருக்களுக்கு இருபது ஆண்டுகளே போதுமாக இருந்தன.

இன்னும் பின்னே போவோம். பனையேட்டுக்கு ஆயுள் குறைவு என்பதை அறிந்த நம் முன்னோர், பழுதடையும் ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். நாம் இன்று ‘காப்பி’ என்று சொல்லும் செயலுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பெயர்த்து எழுதுகிறவன் வாசித்தாக வேண்டும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். எகர ஏகாரக் கொம்புகளுக்கு வேறுபாடு இராது. பொருள் தெரிந்தவனே எழுத்தைத் தெரிந்துகொள்ள முடியும். உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோதே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர், பல பிரதிகளை ஒப்புநோக்கிச் செய்த வேலையின் சாரம் இதுதான். ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அப்படி விட்டவர்கள் தமிழுக்குப் பகைவர்கள் அல்லர். வீட்டில் யாராலும் வாசிக்க முடியாத ஒன்றை மரியாதையோடு வழியனுப்புவதாக நினைத்தார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஆயுத பூசையன்று பொட்டு வைத்து அலமாரியில் ஏற்றிவைக்கும் நமக்கும் அவர்களுக்கும் எவ்வளவு தூரம்?

எங்களுக்குச் சொல்லப்படும் மறுப்புகள் மூன்று.

முதலாவது: “புத்தகம்தான் அச்சில் இருக்கிறதே.” எத்தனை படிகள்? முந்நூறோ ஐந்நூறோ அச்சிட்டு, பாதியை நண்பர்களுக்குக் கொடுத்து, மீதியைக் கரையானுக்கு விட்டதுதான் நம் சிற்றிதழ் மரபு. அச்சிலே வராத கடிதங்களும், பாதியில் நின்ற நாவல்களும், ஆசிரியர் வெட்டிய பகுதிகளும் கோப்பில் மட்டுமே உள்ளவை. கு.ப. ராஜகோபாலனுக்கும் தி. ஜானகிராமனுக்கும் காகிதம் இருந்தது, தேடுகிறவன் தேடலாம். 1998இல் எழுதத் தொடங்கிய ஒருவருக்குக் கையெழுத்துப் படியும் இல்லை, வாசிக்கத்தக்க கோப்பும் இல்லை என்ற நிலை நேர்ந்தால், முந்தைய தலைமுறையைவிட அவரே எளிதில் அழிந்துபோவார்.

இரண்டாவது: “பி.டி.எஃப். ஆக்கி வைத்துவிட்டோம்.” பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப். கண்ணுக்கு அழகாகத் தமிழாகத் தெரியும். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். எம், கே, அரைப்புள்ளி மீண்டும் வந்து நிற்கும். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது; பார்வையற்ற வாசகருக்கு உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருள் அதைப் படிக்காது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் தமிழுக்கு இன்று நன்றாகவே வேலை செய்கின்றன; அதை மறுக்கவில்லை. ஆயினும் ஏற்கெனவே தட்டச்சான ஒன்றைப் படமாக்கி, அந்தப் படத்தை மீண்டும் எழுத்தாக்கி, புதிதாகப் புகுந்த பிழைகளைத் திருத்திக்கொண்டிருப்பது, களத்தில் கிடக்கும் நெல்லை மீண்டும் வயலில் தெளித்து அறுக்கும் வேலை.

மூன்றாவது: “அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியது இது.” செய்யட்டும், நல்லது. ஆனால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எந்த அரசும் தொடங்கவில்லை. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் இன்றித் தட்டச்சு செய்தார்கள். முதலில் டிஸ்கியில் இட்டவற்றைப் பின்னர் யூனிகோடுக்கும் கொண்டுவந்தார்கள். பெயர்த்தெழுதுதல் என்பதற்கு நம் காலத்தில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கருவியும் விலைக்கு வாங்க வேண்டியதாக இருக்கவில்லை. பொங்குதமிழும் என்.எச்.எம். கன்வர்ட்டரும் இலவசமாகவே கிடைத்தன. இல்லாமற்போனது பணமன்று, உட்கார்ந்து வாசிக்கும் பொறுமை.

ஏனெனில் எந்த மாற்றியும் வாசிப்பதில்லை. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் பின்பகுதிக்கு ளகரத்தின் உருவத்தையே பயன்படுத்தினார்கள். ஆகவே மாற்றிய பின் ‘ஔவையார்’ பல கோப்புகளில் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடக்கிறாள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடினால் ஔவை அகப்படமாட்டாள். ‘கௌரவம்’, ‘பௌர்ணமி’ எல்லாவற்றுக்கும் இதே கதி. கட்டுரையின் நடுவே ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களையும் சில மாற்றிகள் தமிழென்று எண்ணிப் பொருளற்ற எழுத்துக்கூட்டமாக ஆக்கிவிடும். ரகரத்தையும் காலையும் பிரித்தறிய ஏட்டைப் பொருளோடு வாசித்த அதே கண், இங்கேயும் வேண்டும்.

ஆகவே நம் எழுத்தாளர்களிடமும் இதழாசிரியர்களிடமும் பதிப்பாளர்களிடமும் நாங்கள் கேட்பவை இவை. கணினி மாற்றும்போது கோப்புகளுக்கு முன்பாக எழுத்துருக்களை எடுத்துவையுங்கள். எழுத்துரு தொலைந்தால் கோப்பு எந்த மொழி என்றே தெரியாது. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பேஜ்மேக்கர் திறக்கும் பழைய கணினி ஒன்றேனும் ஊரில் இருக்கும்போதே உரையை வெளியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை அச்சுப்படியோடு ஒருமுறையாவது வரிவரியாக ஒப்பிட்டு வாசியுங்கள். வாசித்ததை ஒரே இடத்தில் பூட்டிவைக்காமல் மூன்று பேரிடமாவது கொடுங்கள். டெல்டாவின் மடங்களிலும் புலவர் வீடுகளிலும் ஒரே நூலின் ஏடுகள் சிதறிக் கிடந்ததால்தான், ஓரிடத்தில் செல்லரித்தது இன்னோரிடத்தில் பிழைத்தது.

பதிப்பாளர்களுக்குத் தனியே ஒரு சொல். நூல் வெளிவந்ததும் இறுதித் திருத்தம் பெற்ற உரையை ஆசிரியர் கையில் கொடுப்பது உங்கள் கடமை. பல ஆசிரியர்களிடம் இருப்பது திருத்தத்துக்கு முந்தைய வடிவம். திருந்திய வடிவம் உங்கள் பழைய கணினியில் தூங்குகிறது. அந்தக் கணினியை எடைக்குப் போடும் நாளில், அந்த நூலின் சரியான பாடத்தையும் சேர்த்தே போடுகிறீர்கள்.

பாமினியையும் டாப்பையும் கண்டால் அடையாளம் காணத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பலருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. சிலர் அத்தொழிலை விட்டு வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். மோடி வாசிக்கத் தெரிந்தவரைத் தஞ்சாவூர் தேடி அலைந்ததைப்போல இவர்களையும் ஒருநாள் தேட வேண்டியிருக்கும். அதுவரை காத்திராமல், இந்த வாரமே ஒரு பழைய கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் மகிழ்ச்சி. தெரியாவிட்டால், மாற்றியாயிற்று என்று இனிச் சொல்லாதீர்கள்.