படிகப் பாட்டரியும் பகுத்தறிவும்

நீலகிரியில் லவ்டேல், கேத்தி, குன்னூர்ப் பக்கங்களில் குடியிருப்பவர்கள் யாவரும் அறிந்த விஷயம் ஒன்றுண்டு. ஆடி மாதத்து மூடுபனியில் ஜாடியிலுள்ள கல்லுப்பு தானே கசிந்து நீர் விட்டு நிற்கும். தீப்பெட்டி நமுத்துப் போகும். இதற்கு எந்தத் தெய்வத்தையும் யாரும் காரணம் சொல்லுவதில்லை. காற்றிலுள்ள ஈரம் ஏறிவிட்டது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் உப்பையோ படிகாரத்தையோ ஒரு செம்புக் கம்பிக்கும் ஒரு துத்தநாகத் தகட்டுக்கும் நடுவில் வைத்து, அதனால் ஒரு சிறு விளக்கு மினுக்கென்று எரிந்துவிட்டால் மாத்திரம், படித்தவர்கள் என்பவர்கள்கூட, "இது படிகத்தின் மகிமை, ஆகாயத்துச் சக்தியை இழுக்கின்றது, என்றைக்கும் தீராது" என்று பேச ஆரம்பித்துவிடுகின்றார்கள்.

இந்தப் படிகப் பாட்டரி செய்வதில் யாதொரு ரகசியமும் இல்லை. மளிகைக் கடைப் படிகாரம், மருந்துக் கடைப் பேதியுப்பு, செம்புக் கம்பி, லயத்துக் கூரைக்குப் போட்ட துத்தநாகம் பூசிய தகட்டில் மிஞ்சின துண்டு ஆகிய இவ்வளவே போதும். படிகாரத்தைச் சிறிது நீருடன் சூடாக்கி இளக்கி, செம்பும் தகடும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, இறுகவிட்டால் ஒரு செல் ஆயிற்று. ஒன்றிலிருந்து ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். நாலைந்தை வரிசையாகக் கோத்தால் ஒரு சிறு சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் செய்யவேண்டும் என்பதைத் தவிர வேறு விரதம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

நிற்க, சக்தி எங்கிருந்து வருகின்றது என்பதுதான் கேள்வி. இதே கேள்வி 18-ம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலி தேசத்தில் எழுந்தது. செத்த தவளையின் காலை இரண்டு உலோகங்களால் தொட்டபோது அது துடித்ததைக் கண்ட கால்வானி, மின்சாரம் பிராணியின் உடம்பிலேயே இருக்கின்றது என்றார். வோல்டா என்பவர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. தவளையை எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையை இரண்டு உலோகங்களுக்கு நடுவில் வைத்து அடுக்கினார். மின்சாரம் வந்தது. உலகத்தின் முதல் பாட்டரி 1800-ல் இப்படித்தான் பிறந்தது. எதை மகிமையுள்ளது என்கிறார்களோ அதை எடுத்துவிட்டுப் பார் என்பதே இதிலுள்ள பாடம்.

நாமும் அப்படியே பார்ப்போம். படிகாரம் பார்வைக்குக் காய்ந்த கல் போலிருக்கிறது. ஆனால் 100 பங்கு படிகாரத்தில் ஏறக்குறைய 45 பங்கு தண்ணீர். பேதியுப்பில் பாதிக்குமேல் தண்ணீர். நம் தாய்மார்கள் இரும்புச் சட்டியில் படிகாரத்தைப் பொரிக்கும்போது அது நுரைத்துப் பொங்குவது இந்தத் தண்ணீர் வெளியேறுவதால்தான். நன்றாகப் பொரித்துக் காய்ந்த பொடியைச் செல்லில் வைத்தால் விளக்கு எரியாது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடியும் எரியும். ஆகவே வேலை செய்வது ஈரமேயொழிய படிகத்தின் மகிமையல்ல. லவ்டேல் மூடுபனியில் நன்றாக ஓடும் செல், சித்திரை வெயிலில் சமவெளியில் காய்ந்து சோர்ந்து போவதற்கும் காரணம் இதுவே.

அப்படியானால் மாதக்கணக்காக எரிகிறதே என்பார்கள். இதற்குப் பதிலை ஃபாரடே 1830-களிலேயே கண்டு சொல்லிவிட்டார். ஓடுகிற மின்சாரத்துக்குக் கணக்காக உலோகம் கரைகின்றது. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.2 கிராம் துத்தநாகம் தீரும். நமது செல்லில் ஓடுவதோ ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். அந்தக் கணக்குப்படி 1.2 கிராம் கரைய 1000 மணி நேரம், அதாவது 41 நாளுக்குமேல் ஆகும். அதிலும் நூறில் ஒரு பங்கு மாத்திரம் ஓடினால் 11 வருஷம் வரும். ஆக்ஸ்போர்டில் 1840-ல் வைத்த ஒரு மணி, உலர்ந்த அடுக்குப் பாட்டரியைக் கொண்டு இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தெய்வீகமென்று அங்கு யாரும் தேங்காய் உடைக்கவில்லை. மெதுவாகத் தீருவதைத் தீராததென்று நினைப்பது கண்ணின் ஏமாற்றம். தராசுக்கு அந்த ஏமாற்றம் கிடையாது.

இவ்வளவு தெளிவான விஷயத்திலும் நம் நாட்டில் புராணம் நுழையாமலில்லை. அகஸ்திய சம்ஹிதை என்று பேர் சொல்லிச் சில சுலோகங்களைக் காட்டி, அகஸ்தியரே பாட்டரி செய்துவிட்டார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தச் சுலோகங்களிலும் செம்பும் துத்தநாகமும் நனைந்த மரத்தூளும்தான் சொல்லப்படுகின்றன. சுலோகம் பழையதென்றே வைத்துக்கொள்ளுவோம். அந்த அறிவைக்கொண்டு எந்தச் சேரியில் ஒரு விளக்கு எரிந்தது? எந்தக் குயவனுக்கு, எந்தக் கன்னானுக்கு அது கற்றுக்கொடுக்கப்பட்டது? வோல்டா தாம் கண்டதைக் கடிதமாக எழுதி உலகத்துக்குக் கொடுத்தார். பிறர் செய்து பார்க்கக் கூடாத அறிவை அறிவென்று எப்படிச் சொல்லுவது?

இலவசச் சக்தி ஆசை நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தூரம் போகவேண்டியதில்லை. 1996-ல் தமிழ்நாட்டிலே மூலிகையால் பெட்ரோல் என்று ஒரு கூத்து நடந்தது. பெரிய பதவியிலிருந்தவர்களும் மயங்கினார்கள். 20 வருஷம் கழித்து, 2016-ல் சென்னைக் கோர்ட்டு மோசடி என்று தண்டித்தது.

இனி, "இது வெறும் பொம்மை, இதனால் என்ன லாபம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு செல்லின் பலம் வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. 5 வாட் விளக்குக்கு 5000 செல்லுக்குமேல் வேண்டும். 1932 முதல் பைக்காரா நீரிலிருந்து மின்சாரம் எடுத்த மலையில், வீட்டு விளக்குக்குப் படிகாரத்தை நம்பும்படி நாம் சொல்லவில்லை. நாம் கேட்கும் லாபம் வேறு.

லவ்டேலில் 1858-ல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட லாரன்ஸ் பள்ளிக்கூடம் இருக்கின்றது. சம்பளம் கொடுக்கச் சக்தியுள்ளவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே படிக்கிறார்கள். அதில் நமக்குப் பொறாமையில்லை. ஆனால் அதே மலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகள், 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், மின்கலம் என்பதைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்வதோடு நிற்கலாமா? காரைக்குடியில் 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த வாசலுக்குள் நாளைக்கு நுழையவேண்டியவர்கள் இந்தப் பிள்ளைகளும் அல்லவா?

ஆகவே உபாத்தியாயர்களை நாம் கேட்டுக்கொள்ளுவது இது. ஒரு கை படிகாரமும் ஒரு முழம் செம்புக் கம்பியும் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளே செல் செய்யட்டும். தகட்டை முதலில் நிறுத்து எழுதிவைத்து, வருஷக் கடைசியில் உப்பைக் கழுவித் துடைத்து மறுபடி நிறுக்கட்டும். குறைந்த எடையைத் தன் கையால் எழுதிய பிள்ளையிடம், தீராத சக்தி, வற்றாத அருள், சும்மா வரும் செல்வம் என்று எவன் வந்து கடை விரித்தாலும், "எடை என்ன குறைந்தது, காட்டு" என்றுதான் அது கேட்கும்.