லயத்து ஒளிநாடாவும் கைத்தொலைபேசி மாயையும்

வீடியோ கசற்றின் காலம் முடிந்துவிட்டது, அதனைக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு குப்பையில் எறிந்துவிடலாம் என்னும் கூற்று இன்று பதுளைக் கடைவீதி முதல் பசறை, மடுல்சீமைத் தோட்டங்கள் வரை வேதவாக்காக வழங்குகின்றது. இக்கூற்றின் முற்பாதி உண்மை, பிற்பாதி பெருங்கேடு.

எறியப்படுவது யாது? 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வசதி வாய்த்த தோட்டக் குடும்பங்கள் திருமணத்தையும் சடங்கையும் திருவிழாவையும் வி.எச்.எஸ். கசற்றிற் பதிவித்தன. மத்திய கிழக்கிற் பணிப்பெண்ணாய் உழைத்துத் திரும்பியவள் கொண்டுவந்த 'டெக்'கில் லயமே கூடி அவற்றைப் பார்த்தது. அந்நாடாக்களில் மணமக்கள் மட்டுமா உளர்? பந்தலோரம் தப்படிப்போர், காமன் கூத்தின் ரதி மதன், பீலிக்கரை, பின்னர் இடிக்கப்பட்ட லயம், கொழுந்துக் கூடையோடு எட்டிப்பார்க்கும் கிழவி என எந்த வரலாற்று நூலும் எழுதாத ஒரு சமுதாயமே அங்கு நடமாடுகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது கையை விரித்து நின்ற மக்கள், சான்றின் அருமையைப் பிறரிடம் கற்க வேண்டியவர்கள் அல்லர்.

நாடாவே போதும் என்போரும் தம்மை ஏமாற்றிக்கொள்கின்றனர். ஊவாவின் மழைக்கால ஈரத்தைக் காந்தப்பூச்சின் பசை உறிஞ்சிக்கொள்ளும், பூஞ்சணம் படரும், அடுப்புப் புகை மிச்சத்தை முடிக்கும். வி.எச்.எஸ். கருவி செய்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் புனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திற்று. யுனெஸ்கோ 2019இல் தொடங்கிய காந்தநாடா எச்சரிக்கைத் திட்டம் 2025ஆம் ஆண்டளவையே தவணையாகச் சுட்டியது. பிரதியெடுத்தல் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை.

ஆயின், எத்தகைய பிரதி? 2000களில் ஸ்ரூடியோக்கள் கசற்றுகளை வி.சி.டி.யாக மாற்றிக் கொடுத்தன. வி.சி.டி. முறை படத்தின் கிடைக்கோடுகளிற் பாதியைக் கைவிடுவது. அதனை நம்பிக் கசற்றை எறிந்தவருக்கு இன்று மிஞ்சியிருப்பது சாயம் மங்கும் தட்டும் கலங்கிய முகங்களுமே. மூலநாடா இருந்திருப்பின் மேலான பிரதியை மீண்டும் எடுத்திருக்கலாம். இணையக் களஞ்சியமோ பிறர் வீடு. ஈராண்டு பயன்படுத்தாத கணக்கை அழிக்கும் விதியைக் கூகுள் 2023 டிசெம்பரில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. பிறர் வீட்டில் குடியிருப்பதன் நிலையாமையை லயத்தில் வாழ்வோருக்கு எவர் விளக்க வேண்டும்?

2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குக் கசற்று, கைத்தொலைபேசி என்ற பேதமில்லை. ஒரே காம்பிராவில் இருக்கும் இரண்டும் ஒரே நாளில் அழியும். எனவே நாடாவா டிஜிற்றலா என்று வாதிடுவோர் கேட்கத் தவறிய கேள்வி, இரண்டாம் பிரதி எங்கே இருக்கின்றது என்பதாகும்.

அதனை வைத்திருக்கும் பொறுப்பு, தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தின் மீது சுமத்தத்தக்கதன்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் தன்னார்வலரைக் கொண்டே ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேமித்துக் காட்டியது. பதுளையிலோ ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. நகரில் பொதுநூலகம் இருக்கின்றது. வேண்டுவன பழுதுபார்த்த டெக் ஒன்று, கணினி ஒன்று, பொறுமையுள்ள மாணவர் சிலர். மூன்று மணி நேரக் கசற்றைப் பிரதியெடுக்க மூன்று மணி நேரமே செல்லும், விரைவுபடுத்த வழியில்லை. ஒரு பிரதி நூலகத்திலும் ஒரு பிரதி குடும்பத்திடமும் இருக்க, கசற்றையும் உரியவரிடமே திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.