ஆபீஸ் வைஃபையில் கேமரா கனெக்ட் ஆகலையா?

வீட்டில் ஜோராக ஓடிய வைஃபை கேமரா, உப்பளத்தில் நீங்கள் கடை வைத்திருக்கும் வணிக வளாகத்தில் அடம்பிடிக்கிறதா? பழுது கேமராவில் இருக்காது. வளாக வைஃபை, லாகின் பக்கம் திறந்து ஓ.டி.பி. கேட்கும். கேமரா எப்படி டைப் செய்யும்?

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2016 அக்டோபர் 21-ல், பழைய பாஸ்வேர்டையே வைத்திருந்த கேமராக்களை ‘மிராய்’ வைரஸ் வளைத்துப்போட்டுத் தாக்கியதில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தடுமாறின.

என்ன செய்யலாம்? முதலில் கேமரா பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஸ்டிக்கரில் உள்ள 12 இலக்க மேக் அட்ரஸை நெட்வொர்க் அட்மினிடம் கொடுத்து, கேமராவுக்கெனத் தனி 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு கேளுங்கள். மறுத்தால், 4ஜி சிம் கேமரா இருக்கவே இருக்கிறது.

சொல்லாமல் சொந்த ரௌட்டரைச் செருகாதீர்கள். நம் கல்லாவைக் காக்கப்போய், பக்கத்துக் கடையின் கதவைத் திறந்துவைத்த கதையாகிவிடும்!