கண்டன அறிக்கை: லயத்து மண்ணில் கிடைத்தவற்றை உரக் காம்பராவில் பூட்டி வைத்ததற்கு எதிராக

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பழைய லயத்தை இடித்துப் புதிய வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டியபோது மண்ணிலிருந்து வெளிவந்த பொருட்கள் கையாளப்பட்ட விதத்தை எமது சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. தோட்டத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. தகவல் தந்தவர்கள் நாளைக்கும் அதே பிரட்டுக் களத்தில் நின்று பேர் போட வேண்டியவர்கள்.

லயம் இடிபடுவதை நாம் எதிர்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக முடங்கிக் கிடந்தவர்களுக்கு லயத்தின் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு மழைக்காலம் அதில் குடியிருந்து பார்க்கட்டும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளும், அவற்றுக்கான காணி உறுதிகளும் சுணங்காமல் வரட்டும். பெக்கோ இயந்திரம் இறங்குவதற்கு முன் எவரும் அந்த இடத்தைப் படம்கூடப் பிடிக்கவில்லை என்பதும், அதற்குப் பிறகு நடந்தவையுமே எமது கண்டனத்துக்குக் காரணம்.

பெக்கோ கிளறிய மண்ணில் குழவியில்லாத ஓர் அம்மி, திருகையின் மேற்கல், விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த செப்புக் காசுகள், அடி உடைந்த பித்தளைக் குத்துவிளக்கு ஆகியவை கிடைத்தன. காப்பிக் காலத்துப் பல்பரின் (காப்பிப் பழத்தின் தோல் உரிக்கும் இயந்திரத்தின்) சக்கரம் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொன்ன வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றும் வந்தது. எது எந்தக் காம்பராத் தரைக்குக் கீழே, எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். சிலவற்றில் ஆண்டு இலக்கமும் சேர்ந்து அழிந்தது. அம்மி பீலிக்கரையில் துணி துவைக்கும் கல்லானது. இரும்பையும் பித்தளையையும் ஒரு யூரியாச் சாக்கில் கட்டி உரக் காம்பராவில் போட்டுப் பூட்டினார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பாதுகாப்பு’.

உரக் காம்பராவைவிட மோசமான இடத்தை வேண்டுமென்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. தேயிலைக்குப் போடும் உரக் கலவையில் எம்.ஓ.பி. என்கிற பொட்டாசியம் குளோரைட்டு இருக்கிறது. குளோரைட்டு ஈரத்தோடு சேர்ந்து இரும்புக்குள் இறங்கிவிட்டால், மேலே எவ்வளவு சுரண்டினாலும் துரு உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்கும். செம்பிலும் பித்தளையிலும் அது வெளிர்பச்சைத் தூளாகப் பொரிந்து வரும். உரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவோ பித்தளையில் வெடிப்பு விழச் செய்யும். நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்த இரும்பு அந்த மண்ணோடு ஒருவாறு ஒத்துப் போயிருக்கும். வெளியே எடுத்த கணத்திலிருந்து அதன் அழிவு வேகம் பிடிக்கிறது. அதனால்தான் அருங்காட்சியகங்களில் இத்தகைய இரும்பை இறுக மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும்படி வைக்கிறார்கள். ஆடி மாதத்தில் ஹட்டனில் சுவரே வியர்க்கும்போது சாக்குக்குள் கிடக்கும் இரும்பின் கதியைச் சொல்லத் தேவையில்லை.

இதைப் பற்றித் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டபோது, “இதெல்லாம் தொல்பொருள் இல்லை” என்று பதில் வந்தது. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்தப் பதிலில் பிழை பிடிக்க முடியவில்லை. எமது கோபம் இரட்டிப்பானது அங்கேதான்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருளையே தொல்பொருள் என்கிறது. கண்டி அரசனின் முடியைப் பறித்த கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. எமது மக்கள் காப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். ஆகவே எம்மவர் கை பட்ட பொருள் எதுவானாலும், இன்னும் முந்நூறு வருடம் போனாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் அது குப்பைதான். நூறாண்டு கடந்த கட்டடங்களை வர்த்தமானி அறிவித்தல் மூலம் காக்க வழி இருக்கிறது. ஆனால் லயத்துத் தரைக்குள் கிடக்கும் காசுக்கும் அம்மிக்கும் அந்த வழி எட்டாது. 2000ஆம் ஆண்டின் விதிகள், கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியில் அபிவிருத்தி வேலை தொடங்குமுன் தொல்பொருள் தாக்க மதிப்பீடு வேண்டும் என்கின்றன. மதிப்பீட்டுக்கு அதிகாரி வந்தாலும், சட்டம் அவரைத் தேடச் சொல்வது 1815க்கு முந்தியதைத்தான். அம்பகமுவவிலுள்ள முதலாம் விஜயபாகுவின் கல்வெட்டைச் சட்டம் காக்கிறது, மகிழ்ச்சி. அதே மலையில், சிவனொளிபாதமலைக்குப் போகும் அதே வழியில், தேயிலை நட்டவர்களின் தடயத்துக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

அயல்நாட்டைப் பார்ப்போம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் எந்த அரசன் விழுந்த திகதியையும் கேட்பதில்லை. பொருளுக்கு நூறு வருடம், கையெழுத்துப் பிரதிக்கு 75 வருடம் ஆகியிருந்தால் போதும். காலம் நகர நகர அந்தக் கோடும் நகர்கிறது.

இங்கேயோ துரைமார் பங்களாக்கள் சுற்றுலா விடுதிகளாகின்றன. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாகி நிற்கிறது. நுவரெலியா தபாலகக் கட்டடத்தைக் கைமாற்றும் பேச்சு எழுந்தபோது 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் செய்தது சரியே. லயத்துக்காக அப்படி ஒரு குரல் எங்கிருந்தும் எழவில்லை.

கிடைத்த இடத்தின் பதிவு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்கள் மாத்தளையை நினைத்துப் பார்க்கட்டும். 2012 நவம்பரில் அங்குள்ள வைத்தியசாலை வளவில் உயிரியல் எரிவாயுத் தொட்டிக்காக மண் வெட்டியபோது மனித எலும்புகள் தென்பட்டன. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்றார் தொல்லியலாளர் ராஜ் சோமதேவ. அதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவோ 1950க்கு முற்பட்டவை என்றது. இரண்டுக்கும் நடுவே, காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் எத்தனையோ தாய்மாரின் கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. மண்ணடுக்கும் கூடக் கிடந்த சிறு பொருளுமே அப்படிப்பட்ட வழக்குகளில் சாட்சி சொல்ல வேண்டியவை. தோட்டங்களிலும் பெயர் பொறிக்காத புதைகுழிகள் தேயிலைச் செடிகளுக்கு அடியில் கிடக்கின்றன. நாளை ஒரு பாதை அவற்றின் மேல் போனால் சாட்சியை யார் காப்பது?

ஒரு பொறியியலாளர் கண்ணைத் திறந்து வைத்திருந்தாலே போதும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் கண்ட, மதகுக்கு மூடியாகக் கிடந்த கற்பலகைதான், தமிழும் சீனமும் பாரசீகமும் பொறித்த மும்மொழிக் கல்வெட்டு. இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எடுத்து வைத்தால் மட்டும் போதாது, எங்கே வைக்கிறோம் என்பதும் கேள்வி. 1991இல் நியூயோர்க்கில் நீதிமன்றக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது, ஃபைவ் பொயின்ட்ஸ் என்ற பழைய குடியேறித் தொழிலாளர் சேரியின் பொருட்கள் சுமார் 850,000 கிடைத்தன. அவற்றை உலக வர்த்தக மையத்துக் கட்டடமொன்றின் நிலவறையில் வைத்தார்கள். 2001 செப்டெம்பர் 11இல், கண்காட்சிக்கு இரவலாகப் போயிருந்த 18 பொருட்கள் தவிர மற்றவை அழிந்தன. ஆய்வறிக்கை தனியே இருந்ததால்தான் அந்தச் சேரியைப் பற்றி இன்றும் பேச முடிகிறது. ஆகவே ஒரே அறையில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது; படமும் பதிவும் வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும்.

யூரியாச் சாக்கு உடனடியாக உரக் காம்பராவிலிருந்து வெளியே வர வேண்டும். அதிலுள்ளவை தோட்டக் குடும்பங்களின் முன்னிலையில் பட்டியலிடப்பட்டு, பயிற்சி பெற்ற அரும்பொருள் பாதுகாப்பாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். லயம் இடிக்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், இடிக்குமுன் படம் எடுப்பதும், பொருள் கிடைத்தால் வேலையை நிறுத்தி அறிவிப்பதும் நிபந்தனையாகச் சேர்க்கப்பட வேண்டும். அந்தச் செலவு வீட்டுக்கான பணத்திலிருந்து கழிக்கப்படக் கூடாது. நாடாளுமன்றம் 1815 என்ற கோட்டை நூறாண்டு என்று மாற்ற வேண்டும். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்து லயத்தில், சமூக நிறுவனமொன்று 2007 முதல் தொழிலாளர் அருங்காட்சியகம் நடத்தி வருகிறது. அரசு செய்யாததை அவர்கள் செய்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்துக்கென உலர்ந்த, பூட்டுள்ள ஒரு களஞ்சியமும் சம்பளத்தோடு ஒரு பாதுகாப்பாளரும் கேட்பது பெரிய கோரிக்கையல்ல.

தோட்ட மக்களிடமும் ஒரு வேண்டுகோள். அத்திவாரக் குழியில் ஏதாவது தட்டுப்பட்டால் எடுக்குமுன் கைபேசியில் படம் எடுங்கள்; பக்கத்தில் ஒரு மட்டக்கோலை வையுங்கள். கழுவ வேண்டாம், புளி போட வேண்டாம். ஈரமாகக் கிடைத்த மரத்தை வெயிலில் காய வைக்காதீர்கள், ஈரத்தோடே வையுங்கள். எந்த லயம், எந்தக் காம்பரா என்று ஒரு துண்டில் எழுதி ஒன்றாகக் கட்டுங்கள். பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போடாமல், தோட்டப் பாடசாலை ஆசிரியரிடமோ எமது கிளையிடமோ சொல்லுங்கள்.

செயற்குழுவின் சார்பில்,
தலைவர், செயலாளர்

பிரதிகள்: தொல்பொருள் பணிப்பாளர் நாயகம்; நுவரெலியா மாவட்டச் செயலாளர்; பெருந்தோட்ட அமைச்சின் செயலாளர்; மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள்; ஊடகங்கள்.