ஃபைனல் முடியட்டும், தங்கச்சி

இந்த இதழில் விளையாட்டைப் பற்றித் தலையங்கமா என்று தோழர்கள் சிலர் கேட்டுவிட்டார்கள். அதுவும் அமெரிக்காக்காரன் ஆடுகிற ஆட்டத்தைப் பற்றி. கேட்கட்டும். மைதானம் அரசியலுக்கு வெளியே கிடக்கிறது என்று நாம் எப்போது நம்பினோம்?

2014 பிப்ரவரி 15ஆம் தேதி விடிகாலை. அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சூதாட்ட விடுதியின் லிப்ட். பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் ஆட்டக்காரர் ரே ரைஸ், தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை முகத்தில் குத்துகிறார். அவள் கம்பியில் தலை மோதி விழுகிறாள். நினைவு தப்பிக் கிடந்தவளை அவர் லிப்டிலிருந்து வெளியே இழுத்துப் போடுகிற காட்சி சில நாட்களிலேயே வெளியாகி ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டது. இருவரும் கறுப்பினத்தவர். அந்தப் பெண்ணின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதான், ஆனாலும் நான் எழுதப்போவதில்லை. அவளைக் கேட்காமல் அவளைப் பற்றிப் பேசியவர்கள் போதும்.

மார்ச் 27இல் ரைஸ் மேல் குற்றம் பதிவானது. மறுநாள் கல்யாணம். மே மாதம் ரேவன்ஸ் நிர்வாகம் பத்திரிகையாளர்களைக் கூட்டி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது. அவர் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டார், பயிற்சியாளரிடம் கேட்டார், ரசிகர்களிடம் கேட்டார். அடிபட்டவளும் பேசினாள். அன்று இரவு நடந்ததில் தன் பங்குக்குத் தான் வருந்துவதாகச் சொன்னாள். நிர்வாகம் இதைப் பெருமையாகத் தன் கணக்கில் ஊருக்கெல்லாம் அறிவித்தது. ஜூனில் என்.எஃப்.எல். என்கிற அந்த லீக்கின் கமிஷனர் ரோஜர் குட்டெல் விசாரணை நடத்தினார். அடித்தவனும் இருக்கிறான், அவன் அணி அதிகாரிகளும் இருக்கிறார்கள், அதே அறையில் அவளும். "என்னம்மா நடந்தது?" என்று கேட்டால் என்ன சொல்வாள்?

ஜூலையில் தீர்ப்பு வந்தது. பதினாறு ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் இரண்டே இரண்டு ஆட்டம் தடை. அடுத்த மாதம் அதே லீக், ஜாஷ் கார்டன் என்ற ஆட்டக்காரருக்குக் கஞ்சா விவகாரத்தில் முழுப் பருவத் தடையை உறுதி செய்தது. (பிறகு அதைப் பத்து ஆட்டமாகக் குறைத்தார்கள்.) ஆட்டக்காரன் இழுக்கிற புகை அவன் உடம்பைக் கெடுக்கும், உடம்பு முதலாளி விலைகொடுத்து வாங்கிய சரக்கு. பொம்பளை முகத்தில் விழுகிற குத்தில் முதலாளிக்கு என்ன நட்டம்?

ஜனங்கள் கத்தியதில் ஆகஸ்ட் கடைசியில் குட்டெல், நான் தவறிவிட்டேன் என்று கடிதம் எழுதினார். இனி முதல் முறை அடித்தால் ஆறு ஆட்டம், மறுமுறை அடித்தால் வெளியேற்றம் என்று விதி வந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி லிப்டுக்கு உள்ளே எடுத்த படம் வெளியானது. அன்றைக்கே ரேவன்ஸ் அவரைத் தூக்கி எறிந்தது, லீக் காலவரையறை இல்லாத தடை போட்டது. பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் அவர் புதிதாக எந்தக் குற்றமும் செய்யவில்லை. அதே அடிதான். ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள், அதுதான் வித்தியாசம். நடுவராக வந்த முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் இதைத்தான் பிடித்தார்: ரைஸ் லீக்கிடம் பொய் சொல்லவில்லை, ஒரே குற்றத்துக்கு இரண்டாம் தண்டனை செல்லாது என்று நவம்பரில் தடையை ரத்து செய்தார். ஆனாலும் எந்த அணியும் அவரை மறுபடி எடுக்கவில்லை. முந்தைய பருவத்திலேயே அவர் ஓட்டம் தளர்ந்து போயிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரீம் ஹன்ட் என்றொருவர், விடுதியில் ஒரு பெண்ணைத் தள்ளி உதைத்த படம் 2018 நவம்பரில் வெளியாகி அன்றைக்கே நீக்கப்பட்டார். இளவயசு, நல்ல கால். மூன்று மாதத்துக்குள் இன்னொரு அணி வாங்கிக்கொண்டது. எட்டு ஆட்டம் தடை, பிறகு வழக்கம்போல ஓட்டம்.

இதையெல்லாம் படித்து நான் குட்டெலைத் திட்டித்தான் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்க காலனியில் ஒரு கபடி டீம் உண்டு. இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. பொங்கல் போட்டி, ஃபைனலில் எதிரே ஊர்த்தெரு டீம். அதுவரைக்கும் அவர்கள் எங்களோடு ஒரே களத்தில் இறங்கினதே கிடையாது. தொட்டுப் பிடிக்க வேண்டிய ஆட்டமாச்சே. எங்க ரைடர் ஒருத்தன், போனால் இரண்டு பேரைத் தொடாமல் திரும்ப மாட்டான். ஃபைனலுக்கு முதல் நாள் ராத்திரி அவன் பொண்டாட்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை. உதடு கிழிந்திருந்தது, ஒரு கண் மூடிக் கிடந்தது. "அண்ணா, நீங்க சொன்னா கேப்பாரு. கூப்ட்டு ஒரு வார்த்த கேளுங்கண்ணா" என்றாள். நான் சொன்னேன்: "நாளைக்கு ஃபைனல்மா. முடியட்டும் தங்கச்சி. இப்ப கேட்டா அவன் மனசு ஒடஞ்சி ஆடமாட்டான்."

மறுநாள் ஜெயித்தோம். கோப்பையைத் தூக்கிக்கொண்டு பறையடித்தபடி ஊர்த்தெரு வழியாகவே வந்தோம். அது சின்ன விஷயமில்லை, இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அவனைக் கூப்பிட்டு அந்த ஒரு வார்த்தையை நான் கேட்கவேயில்லை. அடுத்த வருசம் அவள் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கோப்பை சங்கக் கட்டடத்து அலமாரியில் இருக்கிறது.

2012 டிசம்பர் 1ஆம் தேதி கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் ஜோவன் பெல்ச்சர் தன் மூன்று மாதக் கைக்குழந்தையின் தாயைச் சுட்டுக் கொன்றார். நேராக அணியின் பயிற்சித் திடலுக்குப் போய் மேலாளர், பயிற்சியாளர் கண்ணெதிரே தன்னையும் சுட்டுக்கொண்டார். மறுநாள் ஆட்டம் நடந்தது. மௌன அஞ்சலி செலுத்திவிட்டு ஆடினார்கள். ஃபைனல்கூட இல்லை அது, சாதாரண ஆட்டம்.

இனி நிறத்துக்கு வருவோம். என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். முப்பத்திரண்டு அணிகளில் ஒன்றுக்குக்கூடப் பெரும்பங்கு வைத்திருக்கும் கறுப்பின முதலாளி இல்லை. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முகாமில் உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் வரை அளக்கிறார்கள். அந்தக் காலத்து அடிமைச் சந்தை நினைவுக்கு வருகிறது என்று அங்கேயே பலர் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒருவனை வாங்கி, மண்டை கலங்க மோதவிட்டு, காசு பார்த்த முதலாளி திடீரென்று பெண்ணுக்காகக் கண்ணீர் விட்டால் நான் நம்ப வேண்டுமா? நம்ப வேண்டியதில்லை. அதற்காக அடித்தவன் ஒடுக்கப்பட்டவன் என்று அவன் பக்கம் போய் நிற்பதா? அங்கேதான் நம்மைப் போன்றவர்கள் வழுக்கி விழுகிறோம்.

கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினப் பெண் சட்ட அறிஞர் 1991இல் எழுதிய கட்டுரையில் ஒரு சேதி வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசிடம் அவர் குடும்ப வன்முறைக் கணக்கைப் பகுதிவாரியாகக் கேட்டார். தரவில்லை. கறுப்பர்களெல்லாம் மூர்க்கர்கள் என்று சொல்ல அந்தக் கணக்கு பயன்பட்டுவிடும் என்ற பயம் ஒரு காரணம். பயம் நியாயமானதுதான். நம்ம சேரிப் பையன்களைப் பற்றி ஊரிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் என்ன பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை யார் கொடுப்பது என்று கிரென்ஷா கேட்கிறார். சமூக மானத்தைக் காப்பாற்ற அந்தச் சமூகத்துப் பொம்பளைதான் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றால் அது யாருடைய மானம்?

முதலாளி நிறம் பார்ப்பானா என்றால், தனக்கு வசதியானபோது பார்ப்பான். ஜாஷ் பிரவுன் வெள்ளைக்காரர், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் பந்தை உதைக்கிற வேலை. 2015இல் மனைவி புகாரில் கைதானார். இருபது தடவைக்கு மேல் அடித்ததாக அவள் போலீசிடம் சொல்லியிருந்தாள். 2016 ஜனவரியில் ஹவாய் விடுதியில் அவர் குடித்துவிட்டுக் கதவை இடித்தபோது அவளையும் பிள்ளைகளையும் வேறு விடுதிக்கு மாற்றியதே லீக்கின் காவலர்கள்தான். அதற்குப் பிறகு அணி அவரோடு புது ஒப்பந்தம் போட்டது. லீக் கொடுத்த தண்டனை ஒரு ஆட்டம். ஆறு ஆட்டம் என்று தானே எழுதிய விதி எங்கே போனது? அந்த அக்டோபரில் அவர் கைப்பட எழுதிய ஒப்புதல்கள் போலீஸ் கோப்பிலிருந்து வெளிவந்த பிறகுதான் வெளியே அனுப்பினார்கள்.

பேஸ்பால் லீக் கொஞ்சம் யோசித்தது. 2015 ஆகஸ்டில் ஆட்டக்காரர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி விதி செய்தார்கள். கோர்ட் தண்டிக்காவிட்டாலும் லீக் நடவடிக்கை எடுக்கலாம், விசாரணை நடக்கும்போது சம்பளத்தோடு ஒதுக்கி வைக்கலாம், சிகிச்சைத் திட்டத்தை வகுக்கும் குழுவில் வெளி நிபுணர்களும் இருப்பார்கள். இது நல்ல ஆரம்பம். இதில் முதலில் தண்டனை வாங்கியவர் அரோல்டிஸ் சாப்மன், கியூபாவிலிருந்து வந்தவர். தோழியின் கழுத்தை நெரித்ததாகப் புகார். அதை அவர் மறுத்தார், வீட்டில் துப்பாக்கியால் சுட்டதை ஒப்புக்கொண்டார். போலீஸ் வழக்குப் போடவில்லை. லீக் முப்பது ஆட்டம் தடை போட்டது. தடை வருவதற்கு முன்பே, புகார் வெளிவந்ததும் அவரை வாங்க இருந்த ஒரு அணி பின்வாங்கியது. நியூயார்க் யாங்கீஸ் மலிவு விலைக்கு வாங்கிப் போட்டது. அந்தப் பெண்ணின் கழுத்து சந்தையில் தள்ளுபடிக் கணக்காக ஆனது. தடைக்காலச் சம்பளம் சுமார் 18 லட்சம் டாலரை அவர் இழந்தார். அந்தப் பணம் எங்கே போகும்? சம்பளம் கொடுக்காவிட்டால் மிச்சம் முதலாளிக்குத்தானே.

என் வாதம் இங்கேதான். தடை எத்தனை ஆட்டம் என்று ஏலம் போடுவதை விடுங்கள். அடிபட்டவளுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். நிறுத்திய சம்பளம் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் போகட்டும், அவள் புகாரில் நின்றாலும் சரி, பின்வாங்கினாலும் சரி. புகார் சொன்னால் சோறு போகும் என்ற நிலையில் எவள் வாய் திறப்பாள்? ரைஸ் நீக்கப்பட்ட மறுநாள் அவர் மனைவி எழுதினாரே, கோபமெல்லாம் மீடியா மேலும் வேடிக்கை பார்த்தவர்கள் மேலும்தான், புருசன் உழைத்துச் சேர்த்ததைப் பிடுங்கிவிட்டீர்கள் என்று. அதை அடிமை மனசு என்று சொல்ல நான் தயாரில்லை. வீட்டுக் கணக்கு தெரிந்தவள் பேசின பேச்சு அது. விசாரிப்பவர்கள் லீக் சம்பளத்தில் இருக்கக் கூடாது, அவர்களில் பெண்கள், அதிலும் கறுப்பினப் பெண்கள் இருக்க வேண்டும். அவளைத் தனியே கேட்க வேண்டும். நிருபர் கூட்டத்துக்கு இழுத்துவந்து புருசன் பக்கத்தில் உட்காரவைப்பது அடியின் தொடர்ச்சிதான். முதல் குற்றத்துக்கே ஆயுள் தடை வேண்டும் என்கிறவர்களோடும் நான் உடன்படவில்லை. படத்தில் மாட்டியவனைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலாளி கை கழுவ அது சுலப வழி. திரும்பி வர வழி இருக்கட்டும். ஆனால் அந்த வழி கால் வேகத்தைப் பார்த்துத் திறக்கக் கூடாது.

நம்ம நாட்டு வாரியம் வேறு ரகம். 2018 மார்ச்சில் கிரிக்கெட் வீரர் முகமது ஷமி மேல் அவர் மனைவி வன்முறைப் புகார் கொடுத்தார். அவர் மறுத்தார். உண்மை பொய் கோர்ட் பாடு, நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வாரியம் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து, ஊழல் தடுப்புப் பிரிவை விசாரிக்கச் சொன்னது. எதை? காசு வாங்கி ஆட்டத்தை விற்றாரா என்பதை மட்டும். இல்லை என்று அறிக்கை வந்ததும் ஒப்பந்தம் வந்துவிட்டது. அவள் சொன்ன மற்றதெல்லாம் வீட்டு விவகாரம்.

வருகிற பொங்கலுக்கு எங்க காலனியில் மறுபடி போட்டி. விதிமுறைத் தாளில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். வீட்டில் அடித்ததாகப் புகார் வந்தால், மகளிர் குழுவில் மூன்று பேர் விசாரித்து முடிக்கிறவரை அவன் களம் இறங்கக் கூடாது. பரிசுப் பணத்தில் அவன் பங்கு வீட்டுக்காரி கையில் போக வேண்டும். கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒரு பையன், "ஊர் டீம்ல இந்த ரூல் இல்லியேண்ணா, நம்மள மட்டும் ஏன் கட்டிப் போடறீங்க" என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ரூல மொதல்ல எழுதுங்கடா, ஊர்க்காரன அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். முதல் வரி நிறைவேறியது. பணத்தைப் பற்றிய வரியை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.