வெள்ளைப் பூவும் சிவப்புக் குலையும்



சென்ற வாரம் என் வகுப்பு மாணவி ஒருத்தி செம்பனைப் பழம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "சார், இதுவும் பூவாக இருந்ததுதானே? பூவுக்குள்ளே எண்ணெய் எப்படிப் புகுந்தது?" என்று கேட்டாள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்போம்?

பாடப்புத்தகத்தில் செம்பருத்தியை வெட்டிக் காட்டுவார்கள். ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருப்பதால் விளக்குவது எளிது. செம்பனை அப்படியன்று. ஒரு மரத்தில் சில காலம் ஆண்பூக் குலைகள் வரும். பிறகு சில காலம் பெண்பூக் குலைகள் வரும். இரண்டும் ஒரே நேரத்தில் மலர்வது அரிது. ஆகவே வேறொரு மரத்தின் மகரந்தம் வந்தாக வேண்டும். பெண்பூ வெண்மையாக விரிந்து காத்திருப்பதோ இரண்டு மூன்று நாள்தான். பிறகு நிறம் கறுத்துவிடும்.

கொண்டுவருவது யார்? இம்மரம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இங்கே 1917இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் வாணிபத்துக்காக முதன்முதலில் நட்டார்கள். மரம் வந்தது, அதன் பூச்சி வரவில்லை. காற்றும் இங்குள்ள சிறு பூச்சிகளும் ஓரளவு உதவின, போதவில்லை. ஆகவே ஆள் வைத்துச் செய்தார்கள். என் தாயாரும் அந்த வேலைக்குப் போனவர். பெரட்டு முடிந்ததும், டால்க் மாவில் கலந்த மகரந்தத்தைக் குழாய் வைத்த புட்டியில் எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய் வெள்ளைப் பூவாகப் பார்த்து ஊதிவிட்டு வருவார்களாம். முள் குத்தாத நாளில்லை என்பார்.

அந்தத் தூள் பெண்பூவின் சூல்முடியில் ஒட்டியதும் மெல்லிய குழாயாக நீண்டு சூலுக்குள் இறங்குகிறது. அதில் இரண்டு ஆணணுக்கள் வருகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று வேறு உட்கருக்களோடு சேர்ந்து அந்தக் கருவுக்கு வேண்டிய உணவைப் படைக்கிறது. பிள்ளை உருவாகும்போதே கட்டுச்சோறும் தயாராகிவிடுகிறது! இளநீரில் இதை நாம் குடித்தே பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணீரும் வழுக்கையும் தென்னங்கருவின் உணவுதான். செம்பனைப் பருப்பும் முதலில் நீராக இருந்து, கூழாகி, பிறகே கெட்டியாகிறது. சூல் விதையாக, அதைச் சுற்றிய சூலகம் பழமாகிறது. அதன் உட்சுவர் ஓடாகிறது. வெளிச்சதை கடைசி வாரங்களில்தான் எண்ணெயைச் சேர்க்கிறது. பூவிலிருந்து பழம்வரை ஐந்தாறு மாதம். எண்ணெய் பூவுக்குள் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையே சதையில் எண்ணெயாக மாறுகிறது. மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

இனி அந்தப் பூச்சியின் கதை. செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு வண்டு என்று கெமரூன் நாட்டில் ஆராய்ந்து காட்டியவர் ஆர். ஏ. சையது என்னும் பூச்சியியல் அறிஞர். அந்த வண்டை 1981இல் ஜொகூர் குளுவாங் பகுதியில் விட்டார்கள். அது ஆண்பூவில் முட்டையிட்டு அங்கேயே பெருகுகிறது. பெண்பூவும் ஏறக்குறைய அதே சோம்பு வாசனையை வீசுவதால் ஏமாந்து அங்கும் போகிறது. அதற்கு அங்கே ஒன்றும் கிடைப்பதில்லை. உடம்பில் ஒட்டிய தூளை மட்டும் விட்டுவிட்டு வருகிறது. (பெண்பூவின் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்!) குலைகளில் காய்ப்பிடிப்பு கூடியது, பருப்பும் மிகுந்தது. மகரந்தம் ஊதும் வேலை ஓய்ந்தது.

தோட்டத்துக்கு அது பெரிய லாபம், ஐயமில்லை. என் தாயாருக்கு அப்படித் தோன்றவில்லை. "எறும்பு அளவுகூட இல்லாத ஒன்று என் வேலையைக் கொண்டுபோய்விட்டதே" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு அவரை உதிரிப்பழம் பொறுக்கப் போட்டார்கள். முன்பு நிமிர்ந்து பூவைத் தேடியவர், ஓய்வு பெறும்வரை குனிந்தே பழம் பொறுக்கினார்.